அறுவடை நாள் எழுதாத படிவம்

பதினான்காவது நாள். சுருட்டி வைத்திருந்த ஈரத்தாளை மேசை மேல் வைத்து, விரல் நுனியால் மெல்லப் பிரிக்கிறேன். உள்ளே நூறு நெல். பத்துப் பத்தாக நான் வரிசை கட்டி வைத்தவை வைத்தபடியே கிடக்கின்றன. மூன்றே மூன்று மட்டும் வெள்ளையாக மூக்கை நீட்டியிருந்தன.

இரண்டாவது சுருளைப் பிரித்தேன். அதில் நான்கு. மூன்றாவதில் இரண்டு. நாலாவதையும் பிரித்தேன். அதிலும் அதே கதைதான்.

அந்த நெல் என் அப்பாவுடையது. சோதிப்பவள் நான். எனக்கு அப்போது பதினேழு வயது.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இன்றைக்கும் மழையில் நனைந்த செய்தித்தாளை எடுத்து உதறினால் போதும், அந்த மேசை கண் முன்னால் வந்துவிடும். கூடவே அப்பாவும் வந்துவிடுவார். அவரிடம் கேட்க வேண்டியதை அப்போதே கேட்டுவிட்டேன். அவரும் பதில் சொல்லிவிட்டார். ஆனாலும் அந்தப் பதிலை அவர் வாயால் இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று ஏக்கமாக இருக்கிறது. இந்த வாரம் அந்தக் கதைதான்.

காலையில் பாடம், மத்தியானம் பயிற்சி

நான் பத்தாம் வகுப்பு தேறிய கதையைப் படித்துவிட்டு, "அப்புறம் என்ன குரூப் எடுத்தீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டார் அந்தப் புண்ணியவதி.

எனக்கு ஆசை எல்லாம் சயன்ஸ் குரூப் மேல். தவளையை அறுக்க வேண்டும், வெள்ளைக் கோட்டு போட வேண்டும். கிடைத்தது விவசாயத் தொழிற்கல்வி. அப்போதுதான் எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். காலையில் எல்லோரையும் போலத் தமிழ், இங்கிலீஷ். திங்கள், புதன், வெள்ளி மத்தியானம் ஏதாவது ஓர் இடத்தில் பயிற்சி. செவ்வாய், வியாழன் மத்தியானம் விவசாயப் பாடம். பயிற்சிக்கு மாதா மாதம் உதவித்தொகை உண்டு என்றதும், விழிதியூரிலிருந்து பஸ் ஏறி வருகிற எனக்கு வேறு யோசனைக்கு இடமில்லை.

முதல் மாதப் பணத்தில் அம்மாவுக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்தேன். "குடை புடிச்சிக்கிட்டு எவ நடவுக்குப் போவா?" என்று அம்மா அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஆனால் தெருவில் ஒரு வீடு விடாமல் அதைப் பற்றிச் சொன்னாள்.

என்னைப் போட்டது ஊருக்கு வெளியே இருந்த ஒரு விதைக் கிடங்கில். விவசாயிகளிடம் விதைநெல் வாங்கிச் சோதித்து, அடுத்த பட்டத்துக்கு மற்ற விவசாயிகளுக்குக் கொடுப்பார்கள். அங்கே அதிகாரி ஒருவர், எழுத்தர் ஒருவர். பயிற்சிக்கு நான். அதிகாரியை சார் என்றுதான் எனக்குப் பழக்கம். அப்படியே எழுதுகிறேன்.

போன முதல் நாளே சார் சொல்லிவிட்டார்.

"பொம்பளைப் புள்ளைங்க வேணாம்னுதான் நான் எழுதினேன். அனுப்பிட்டாங்க. சரி, வந்துட்டே. ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்க. இங்கேருந்து போற காகிதத்துல ஒரு தப்பு வந்துச்சுன்னா, அன்னைக்கே பையைத் தூக்கிட்டுக் கெளம்பிடணும்."

அவர் கையெழுத்துப் போட்டுத் தரும் பயிற்சிச் சான்றிதழ் இல்லையென்றால் செய்முறைப் பரீட்சைக்கு உட்கார முடியாது. செய்முறை இல்லையென்றால் பிளஸ் டூ இல்லை. என் படிப்பு மொத்தமும் அந்த மனுஷரின் பேனா நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வேலை கஷ்டமில்லை. மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து, நானூறு நெல் எண்ணி, நூறு நூறாக ஈரத்தாளில் சுருட்டி வைக்க வேண்டும். பதினாலு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, பிறகு முளைத்ததை எண்ண வேண்டும். நூற்றுக்கு எண்பது முளைத்தால் அது விதை. முளைக்காவிட்டால் சாப்பாட்டு நெல், மில்லுக்குப் போகலாம். சோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து, அதன் கீழே சாருடைய கையெழுத்து, பக்கத்தில் வட்டமாக ஒரு முத்திரை.

அங்கே இப்போது ஆறாவது பீரியடு

வேலை பிடித்திருந்தது. பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த அறையின் சுவரில் ஒரு கடிகாரம் இருந்ததே, அது என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. இரண்டரை மணி அடித்தால், ஐயோ, அங்கே ஆறாவது பீரியடு ஆரம்பித்திருக்கும் என்று தோன்றும். தமிழ் டீச்சர் யாரையாவது எழுப்பிப் படிக்கச் சொல்லியிருப்பார். மூன்றே கால் ஆனால் எல்லோரும் குழாயடியில் முட்டிமோதிக்கொண்டு தண்ணீர் குடிப்பார்கள். நான் இல்லாமலே அந்தச் சிரிப்பெல்லாம் நடக்கிறதே என்று நெல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எண்ணிக்கை தப்பிவிடும். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவேன்.

ஒரு முழு நாள், காலை மணியிலிருந்து சாயங்கால மணி வரைக்கும், பெஞ்சில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேனா என்று அந்த இரண்டு வருஷமும் ஏங்கியிருக்கிறேன். இதைக் கேட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கும்.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் மும்தாஜ். என் வகுப்புதான். அவளுக்குப் பயிற்சி நாற்றங்கால் பண்ணையில், பூச்செடிக்கு நடுவில். கொடுத்து வைத்தவள். பஸ் பிந்தி நான் தவறவிட்ட பாடத்தையெல்லாம் அவள் நோட்டைப் பார்த்துத்தான் எழுதிக்கொள்வேன்.

"ஏன்டி, பள்ளிக்கூடத்துல என்ன குடியா முழுகிப்போச்சு? அந்த டீச்சர் ஓதுறதைக் கேட்டுப்புட்டு நானே தூங்கி விழுறேன்," என்பாள். ஆனால் நோட்டில் ஒரு வரி விடமாட்டாள். ஓரத்தில் படம் வேறு போட்டு வைப்பாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் தை மாதம் பிறந்ததும் கிடங்கில் வேலை கூடிவிட்டது. வியாழக்கிழமையும் வரச்சொல்லிவிட்டார் சார். வியாழக்கிழமை விவசாயப் பாடம் போயிற்று. சரி, மும்தாஜின் நோட்டு இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். பரீட்சைக்கு முன்னால் எழுதிக்கொண்டால் போயிற்று!

வீட்டு நெல்லுக்கு எதற்கு நாள்?

அப்பா ஒட்டடையான் விதைப்பார். ஆறு மாதத்துக்கு மேல் நிற்கிற பழைய நெல். தண்ணீர் தேங்கும் பள்ளத்து வயலுக்கு அதுதான் சரிப்பட்டு வரும். ஊரில் எல்லோரும் குட்டைப் பயிருக்கு மாறிய பிறகும் அப்பா மட்டும் விடவில்லை. கிடங்கிலும் பள்ளத்து வயல்காரர்கள் இரண்டு மூன்று பேர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதை நான்தான் வீட்டில் போய்ச் சொன்னேன். வாய் சும்மா இருக்குமா?

அறுத்துத் தூற்றிய நாலாம் நாள் அப்பா சைக்கிளில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு கிடங்கு வாசலில் வந்து நின்றார். சலவை வேட்டி, நெற்றியில் பட்டை. பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார்.

"மூணு மூட்டை வெதைக்குன்னு ஒதுக்கியிருக்கேன் பாப்பா. இது அதுலேருந்து எடுத்த மாதிரி நெல்லு. எம்பேரை மொதல்ல பதிஞ்சு வச்சிரு," என்றார். போகும்போது எழுத்தரிடம், "எம்பொண்ணுதான் சோதனை பண்ணுறது," என்று அவர் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

சார் அன்றைக்கு இல்லை. தங்கை கல்யாணம் என்று இரண்டு வாரம் லீவு. போகும்போது, "வர்ற மாதிரியைப் போட்டு வை, நான் வந்து கையெழுத்துப் போடறேன்," என்று சொல்லியிருந்தார். நான் அன்றைக்கே அப்பா நெல்லை எடுத்து எண்ணிச் சுருட்டி வைத்தேன். படிவத்தை எடுத்து நிரப்பினேன். பெயர், ஊர், ரகம். அடுத்த கட்டம், அறுவடை நாள்.

அதை நிரப்பவில்லை. மறந்துபோய் இல்லை. வேற்றாளாக இருந்தால் கேட்டு எழுதியிருப்பேன். இது எங்கள் நெல். களத்துக்கு வந்தபோது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். வீட்டு நெல்லுக்கு எதற்கு நாள் எழுதுவது என்று விட்டுவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மற்ற சம்பா நெல்லெல்லாம் பங்குனி, சித்திரையில்தான் கிடங்குக்கு வரும். அறுத்த கையோடு வந்த முதல் நெல் அப்பாவுடையது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பதினாலு நாள் கழித்துச் சுருளைப் பிரித்தேன். ஆரம்பத்தில் சொன்னேனே, அதுதான் நடந்தது.

கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி எழுதினேன். அப்பா நெல் என்றால் மட்டும் எண்பது என்று எழுதிவிட முடியுமா? அப்படி ஒரு பெருமை வேறு எனக்கு. அந்த ஈரத்தாள்களை மட்டும் குப்பைக் குழியில் போட மனசு வராமல், கிடங்கின் கொல்லையில் தட்டுக் கழுவும் குழாயடியில் ஒரு வாழைக்கன்று இருந்தது, அதன் பக்கத்தில் நெல்லைத் தட்டிவிட்டேன்.

சார் வந்தார். குவிந்து கிடந்த காகிதங்களோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டார். கட்டம் காலியாக இருந்ததை அவரும் பார்க்கவில்லை.

விடியக்காலையில் அண்டா

காகிதத்தை நானேதான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"மேரியில குடுக்குற காகிதம் மாதிரியே இருக்கு," என்றார். முனிசிபாலிட்டி ஆபீசுக்கு அவர் கடைசி வரைக்கும் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேர்தான் சொல்வார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. "சரி, போய் சாப்புடு," என்றார்.

அன்று சாயங்காலமே சாமிநாதன் மாமா வந்துவிட்டார். அடுத்த வயல்காரர், அப்பாவுக்கு மச்சான் முறை. முந்தின வருஷம் அவர் நெல்லும் சோதனையில் தேறவில்லை. அதிலும் என் கையெழுத்துத்தான். அந்தக் கோபம் அவருக்கு உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்தது.

"என்ன மச்சான், முப்பது வருஷமா மொளைச்ச நெல்லு உம்பொண்ணு கை பட்டதும் மொளைக்க மாட்டேன்னுடுச்சாமே!" என்றார். வாசலில் போகிற வருகிறவர்கள் காதில் விழவேண்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது. "நீ ஒண்ணு பண்ணு. அந்த மூட்டையை அப்படியே வச்சிரு. இன்னையிலேருந்து வாராவாரம் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு சட்டியில போடுவோம். மொளைச்சுதுன்னு வையி, சட்டியோட தூக்கிட்டுப் போயி அந்த ஆபீசர் மேசையில வச்சு, பொம்பளைப் புள்ளையை வேலைக்கு வச்ச லட்சணத்தைப் பாருய்யான்னு கேக்கல, எம்பேரு சாமிநாதன் இல்ல."

அப்பா சிரித்துக்கொண்டே, "வெத்தலை போடுறியா மச்சான்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பொழுது விடியும்போது புகை மணத்துக்கு விழித்துக்கொண்டேன். கொல்லையில் அண்டா அடுப்பில் இருந்தது. ராத்திரியே ஊறப்போட்டிருக்கிறார்கள். அப்பா வைக்கோலைத் தள்ளித் தள்ளி எரிக்கிறார். அம்மா அவிந்த நெல்லை முறத்தில் வாங்கிக் களத்தில் கொட்டுகிறாள். மூன்று மூட்டை விதைநெல்லும் ஆவி பறக்கக் கிடந்தது. அவித்த நெல்லை என்ன செய்தாலும் முளைக்காது. சோறுதான் ஆக்கலாம்.

எனக்கு ஓவென்று வந்தது. என் மேல் இருக்கிற கோபத்தைத்தான் நெல் மேல் காட்டுகிறார் என்று நினைத்தேன். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. அந்த அரிசிச் சோற்றைப் பாதித் தட்டோடு வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

மும்தாஜ் போட்ட படம்

செய்முறைப் பரீட்சைக்கு நாலு நாள் இருந்தது. மும்தாஜின் நோட்டை வாங்கி, தவறவிட்ட வியாழக்கிழமைப் பாடங்களை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் ஒரு நெல்மணி, கண்ணை மூடிக்கொண்டு, தலையணை வைத்துத் தூங்குகிற படம். பக்கத்தில் 'கொர்ர்ர்' என்று எழுதியிருந்தாள். சிரித்துக்கொண்டே கீழே படித்தேன்.

புதிதாக அறுத்த சம்பா நெல்லுக்கு உறக்கக் காலம் உண்டு. உயிர் இருந்தும் முளைக்காது. இரண்டு மாதம் சென்ற பிறகே சோதிக்க வேண்டும். இவ்வளவுதான் இருந்தது.

இரண்டு வரி. அந்த வியாழக்கிழமை மத்தியானம் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் என் காதில் விழுந்திருக்கும். நானோ கிடங்கில் உட்கார்ந்து, அங்கே இப்போது என்ன பாடமோ என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன்டி, என்னாச்சு? பேயறைஞ்ச மாதிரி இருக்கே!" என்று மும்தாஜ் உலுக்கினாள். நோட்டை அவள் கையில் திணித்தேன். கிடங்கைப் பார்த்து ஓடினேன். நேரே கொல்லைக் குழாயடி.

வாழைக்கன்றைச் சுற்றி ஊசி ஊசியாக, பச்சையாக நின்றுகொண்டிருந்தது. மற்றதெல்லாம் இன்னும் சேற்றில் தூங்கிக்கொண்டிருக்க, முந்திக்கொண்டு எழுந்தவை பதினேழு. மண்ணோடு பெயர்த்து என் டிபன் பாக்சில் வைத்து மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்பா வைக்கோல் போருக்குப் பக்கத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். டிபன் பாக்சைத் திறந்து நீட்டினேன். எட்டிப் பார்த்தார்.

"அட, எழுந்திருச்சுட்டாங்களா? இன்னும் நாளு இருக்கே," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா, புது நெல்லு தூங்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லா இருக்கே கதை. அது தெரியாமயா முப்பது வருஷமா வெத கட்டுறேன்? பேரைப் பதிஞ்சு வச்சா, நீங்க சித்திரையிலதான் எடுத்துப் போடுவீங்கன்னு இருந்தேன். நீ அன்னைக்கே போட்டுட்டே."

"காகிதத்தைக் கொண்டாந்தப்பவே சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லத்தான் பாத்தேன். அழுதழுது உன் மூஞ்சி வீங்கியிருந்துச்சு. அந்த மூஞ்சியைப் பாத்ததும் வாய் வரல. காலையில சொல்லிக்கலாம்னு விட்டேன். அதுக்குள்ள சாமிநாதன் வந்துட்டான்."

"அதுக்காக மூணு மூட்டையையும் அவிக்கணுமாப்பா?"

அப்பா வாளியைக் கீழே வைத்தார்.

"வச்சிருந்தா அது மொளைச்சிருக்கும் பாப்பா. மொளைச்சிருந்தா நீ பரீட்சை எழுதியிருக்க முடியாது."

இவ்வளவுதான் அவர் சொன்னது. இதைத்தான் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று ஏங்குகிறேன். சொல்லிவிட்டு மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டார். மாடு தண்ணீருக்குக் கத்திக்கொண்டிருந்தது.

தை மூணு

சாரிடம் உடனே போய் ஒப்புக்கொள்கிறேன் என்று குதித்தேன். "பரீட்சை முடியட்டும், அப்புறம் கால்ல வேணா விழு," என்றார் அப்பா. அப்படியே செய்தேன். சார் அந்தப் படிவத்தைத் தேடி எடுத்தார். காலிக் கட்டத்தைப் பார்த்தார், கீழே இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். "நானும் கேக்கலையே," என்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அங்கே அறுவடை நாளைச் சிவப்பு மையில் எழுதும் வழக்கம் வந்தது என்று எழுத்தர் சொன்னார்.

பதினேழு நாற்றையும் அப்பா கொல்லையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் நட்டார். அது நடவுக் காலமே இல்லை. சித்திரை வெயிலில் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்ததே தவிர, கதிரைக் காணோம். "இது நெல்லா, நாணலா?" என்று அம்மா கேலி செய்வாள். பொழுது சுருங்கினால்தான் அந்த நெல்லுக்குக் கதிர் வரும். அப்பா ஆடு மேயாமல் முள் கட்டி, ஐப்பசி வரைக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு காத்திருந்தார். நான் அதற்குள் பிளஸ் டூ தேறி, வேறு ஊரில் ஒரு விதைச் சோதனைக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்துவிட்டேன். கதிர் வந்ததை நான் பார்க்கவில்லை.

பொங்கல் முடிந்த மறுவாரம் லீவு கிடைத்து வந்தபோது, அறுத்து அடித்துத் தூற்றி, ஒரு சின்னப் பானையில் கட்டி வைத்திருந்தார். திரும்பிப் போகிற அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தார். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும், மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துக் கம்பி வழியாகக் கொடுத்தார். உள்ளே ஒரு கைப்பிடி நெல்.

"உங்க ஆபீசுல போட்டுப் பாரு. போனதும் போட்டுறாதே. பங்குனி வரைக்கும் தூங்கட்டும்."

"சரிப்பா," என்றேன்.

பஸ் நகர்ந்தது. கூடவே நாலு எட்டு வேகமாக நடந்து வந்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியே வந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையைத் தூக்கிக் கத்தினார்.

"பாப்பா! அறுத்தது தை மூணு! எழுதிக்க!"